வெள்ளை செல் அதிகம்

கடவுள் பயம் மட்டும் இருந்தால் போதாது, கொஞ்சம் புத்தியும் வேண்டும். முதலாவது எனக்கு நிறைய உண்டு. இரண்டாவது இல்லாததால் நடந்ததைச் சொல்கிறேன்.

என் மகள் வயிற்றில் இருந்தபோது, ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் காண்டிராக்ட் ஆளாக இருந்தேன். கேமரா வைத்த செல்லை உள்ளே கொண்டுபோகக் கூடாது. கேட்டிலேயே கொடுத்துவிட வேண்டும். மாசமாக இருப்பவள் மண்ணூரில் தனியாக இருக்கிறாளே என்று (காரணம் நல்ல காரணம்தான், மூளைதான் இல்லை) என் வெள்ளை செல்லை வலது கால் சாக்ஸுக்குள் செருகி, ஷூவை இழுத்துக் கட்டி, பெரிய கடத்தல்காரன் மாதிரி தினமும் உள்ளே போனேன். என்னைப் பார்த்து லைனில் இன்னும் நாலு பேர் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டார்கள்.

அப்போதுதான் என்னை பர்மனென்ட் ஆக்க முடிவானது. பாக்கி மெடிக்கல் மட்டும். ரத்தம் எடுத்த இரண்டாம் நாள், ஷிப்ட் நடுவில் கம்பெனி டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினார். அவர் அறையில் எங்கள் சூப்பர்வைசரும் ஏதோ கையெழுத்துக்காக நின்றிருந்தார். தாயே, இன்றைக்கு என் வாயில் பொய் வராமல் பார்த்துக்கொள் என்று அம்மனை வேண்டிக்கொண்டேன். (வேண்டுவதற்கும் ஒரு விவரம் வேண்டும்.)

டாக்டரம்மா காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “வெள்ளை செல் அதிகமா இருக்கேப்பா.”

ரத்தத்தில் இதுகூடவா தெரியும்?

“அதிகம்லாம் இல்ல மேடம். ஒண்ணே ஒண்ணுதான்.”

“என்ன ஒண்ணு? வெள்ளை செல் எல்லார்கிட்டயும்தான் இருக்கும். உனக்குத்தான் கூட இருக்கு.”

“அதுவும் தெரிஞ்சுபோச்சா மேடம்? எங்க லைன்ல நாலு பேர்கிட்ட கீது. ஆனா அதெல்லாம் கருப்பு. வெள்ளை என்னுது மட்டுந்தான்.”

யாரும் கேட்காமலே குனிந்து, ஷூவைக் கழற்றி, செல்லை எடுத்து மேசைமேல் வைத்தேன். அரிச்சந்திரன் பரம்பரை என்று நினைப்பு.

டாக்டரம்மா செல்லைப் பார்க்கவில்லை, என் கணுக்காலைப் பார்த்தார். செல் உரசி உரசிப் புண்ணாகிச் சீழ் வைத்திருந்தது.

“நான் சொன்னது ரத்தத்துல இருக்கிற செல்லுப்பா,” என்றார் மெதுவாக. “உடம்புல புண்ணு இருந்தா அது ஏறும். உனக்கு ஏறினதே இந்த செல்லாலதான்.”

சூப்பர்வைசர் பெருமூச்சு விட்டார். “இன்னாய்யா நீ, மூளையில ஒரு செல்லாச்சும் வேலை செய்யக் கூடாதா?”

புண் ஒரு வாரத்தில் ஆறியது. பர்மனென்ட் ஆர்டர் ஒரு வருஷம் தள்ளிப்போனது. அன்று சாயங்காலமே நாலு பேரையும் ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். அதற்கப்புறம் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை (கால் நீட்ட வசதியாகத்தான் இருந்தது). கோயில் பொங்கலோடு போய் நாலு பேரிடமும் மன்னிப்புக் கேட்டேன். மூன்று பேர் பேசாமல் வாங்கிக்கொண்டார்கள். நாலாமவர், “பொங்கல வெச்சிட்டுப் போ, வாய மட்டும் தொறக்காத,” என்றார்.

வயிற்றில் இருந்தவள் இப்போது பத்தாவது படிக்கிறாள். போன வாரம் அறிவியல் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். வெள்ளை அணுக்கள் நம் உடலைக் காக்கும் காவலர்கள் என்ற இடத்தில் நிறுத்தி, அடுப்படியில் இருந்த அவள் அம்மாவிடம் சொன்னாள்:

“எல்லாரையும் காப்பாத்துதும்மா. அப்பாவ மட்டும் புடிச்சுக் குடுத்துச்சு.”