சக்கைப் பிசினும் அரம் மாமியும்

திருவனந்தபுரத்தில் அரம் மாமி உரசிப் பார்க்காத இரும்பு ஒன்றே ஒன்றுதான் பாக்கி. தம்பானூர் ரயில் நிலையத்தின் இரண்டாம் பிளாட்பாரத் தண்டவாளம். ஆசை இல்லாமல் அல்ல. குனிந்த நேரத்தில் நாகர்கோவில் பாசஞ்சர் வந்துவிட்டது.

மாமிக்கு ரேஷன் கார்டில் ஒரு பெயர் இருக்கிறது. கரமனையில் அதைச் சொல்லி விசாரித்தால் தபால்காரர்கூட யோசிப்பார். கைப்பையில் எந்நேரமும் விரல் நீளத்துக்கு ஒரு முக்கோண அரம் வைத்திருப்பதால் அரம் மாமி. ஒரு பொறியியல் கல்லூரியின் உலோகப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலைதான் ஓய்ந்தது. எந்த இரும்பைக் கண்டாலும் அரத்தை எடுத்து ஓர் இழுப்பு இழுப்பார். அரம் வழுக்கினால் இரும்பு கெட்டி, கடித்தால் மெது. அந்த ஓர் இழுப்பில் கோயில் உண்டியல், வங்கி லாக்கர், ஒரு போலீஸ்காரரின் கைவிலங்கு எல்லாம் மார்க் வாங்கியிருக்கின்றன. கைவிலங்கு பாஸ் ஆகவில்லை.

நாளிதழ் வேலைக்காக நான் நாகர்கோவிலிலிருந்து வந்து அவர் வீட்டு மாடியில் குடியேறிய முதல் நாள், என் புதுப் பூட்டைக் கையில் வாங்கினார். ஓர் இழுப்பு.

"பூட்டு தேவலை. வளையம் வெண்ணெய். திருடன் வந்தான்னா சாவியெல்லாம் தேட மாட்டான், கேட்டியோ. கடிச்சே எடுத்துடுவான்."

ஒரு தடவை பெங்களூரில் இருக்கும் மகளைப் பார்க்க விமான நிலையத்துக்குப் போனார். பையைச் சோதித்த பெண் அரத்தை எடுத்து உயர்த்திப் பிடித்தாள்.

"அம்மே, இது கொண்டுபோகான் பற்றில்ல. ஆயுதமாணு."

"இதா ஆயுதம்? அந்த டிரேல ஒரு கத்திரிக்கோலைப் பிடிச்சு வச்சிருக்கியே, அதுதான் உன் கணக்குல ஆயுதமாக்கும். அதுல நூல்கூட அறுபடாது, மோளே. கொண்டா, காட்டறேன்."

காட்டினார். வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். விமானம் போய்விட்டது. மறுநாள் மாமி பஸ்ஸில் பெங்களூர் போனார், அரத்தோடு.

மனிதர்களையும் மாமி இதே கண்ணால்தான் பார்த்தார். "எல்லாம் இரும்புதாண்டி. கூட எத்தனை கார்பன் கலந்திருக்குன்னு பார்க்கணும். ஜாஸ்தியானா கெட்டி, ஆனா கீழே போட்டா உடையும். கம்மியானா வளையும், உடையாது." எங்கள் செய்தி ஆசிரியர் ஒருநாள் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போனார். "கார்பன் ஜாஸ்தி, பாவம். ஜாக்கிரதையாப் பேசு" என்றார் மாமி. வார்டு கவுன்சிலருக்கு ஒரு பாயிண்டுக்கு மேல் கார்பன் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

கணவர் கிட்டா மாமாவுக்குத் தனி இடம். "மைல்டு ஸ்டீல். எத்தனை பழுக்கக் காய்ச்சு, தண்ணில முக்கு, ஐஸ்ல முக்கு. கெட்டிப்படவே மாட்டார். உள்ளே கார்பன் இருந்தாத்தானே!" கிட்டா மாமா இதைக் கேட்டுக்கொண்டே வெற்றிலை மடிப்பார். நாற்பது வருடத் தாம்பத்தியத்தில் அவர் குரல் உயர்ந்ததை யாரும் கேட்டதில்லை. உப்பு குறைந்தால் மட்டும் லேசாக உயரும் என்று அவருடைய ஆட்கள் சொல்வார்கள்.

கிட்டா மாமா கல்யாணச் சமையல் கான்ட்ராக்டர். கரமனை, ஸ்ரீவராகம், கோட்டைக்ககம் மூன்று இடத்திலும் அவர் வைக்கும் சக்கை எரிசேரிக்காக முகூர்த்தத்தைத் தள்ளிப்போட்ட வீடுகள் உண்டு. சக்கை என்றால் நம் பலாதான். அப்படிப்பட்டவர் ஒரு சக்கைக் காலத்தில், வாழ்நாளில் முதல் தடவையாக, ஒருவரைப் பற்றிக் கடுமையாகப் பேசினார். அதுவும் கிராமத்து வாட்ஸ்அப் குழுவில். அக்ரகாரத்துக்கு இங்கே கிராமம் என்று பெயர்.

"எல்லாரும் கேட்டுக்கோங்கோ. சாலைக் கடைத்தெருவுல சுடலைமுத்து பட்டறைக் கத்தி வாங்கினேன், முப்பது கத்தி. அது கத்தியே இல்லை, தகரம். நேத்து வெட்டினா சக்கை சிரிக்கறது."

முப்பது விநாடிக் குரல் பதிவு. கிட்டா மாமா சொன்னால் மறுபேச்சு ஏது? ஊர்ச் சமையல்காரர்கள் அந்தப் பட்டறைப் பக்கம் போவதை நிறுத்தினார்கள். சாலைக் கடைத்தெருவில் இருந்த பாத்திரக் கடைகள் கத்திகளைச் சாக்கில் கட்டித் திருப்பி அனுப்பின.

ஒன்பதாம் நாள் காலை அந்தச் சாக்கோடு சுடலைமுத்து வந்து வாசலில் நின்றார். தென்காசிக்காரர், நாற்பது வயதிருக்கும். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"தகரம்னுட்டியளே சாமி" என்றார். "நான் லாரி ஸ்பிரிங் பட்டையிலதான் அடிக்கேன். வேற இரும்பைத் தொட மாட்டேன். பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில முக்கி, பொறவு பதமாச் சூடு காட்டித்தான் கொடுக்கேன். ஒம்போது நாளா ஒலையில தீ மூட்டல. கூட இருந்த ரெண்டு பேரை ஊருக்கு அனுப்பிட்டேன். நீங்க சொன்ன வார்த்தை அப்பிடியே நின்னா, நானும் பொண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கிட்டு பஸ் ஏற வேண்டியதான்."

"வெட்டலையேப்பா. நான் என்ன பண்ணட்டும்?" என்றார் கிட்டா மாமா, சக்கையின் சார்பில் வருத்தப்படுகிறவர் போல.

மாமி இதற்குள் சாக்கிலிருந்து ஒரு புதுக் கத்தியை எடுத்து உரசிவிட்டார். அரம் வழுக்கியது. உள்ளே போய் மாமாவின் முப்பதில் ஒன்றை எடுத்து வந்து உரசினார். கடித்தது. துகள் உதிர்ந்தது.

"ஏன்னா, இது ரெண்டும் ஒரே பட்டறைதானா?"

"ஒரே பட்டறைதான். முப்பதும் அங்கே வாங்கினது."

மாமியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. சிலருக்கு அது சங்கீத சீசனில் வரும். "சுடலைமுத்து, நாலு நாள் டயம் கொடுங்கோ. தப்பு யார் பேர்லன்னு கண்டுபிடிச்சு, அவா வாயாலேயே சொல்ல வைக்கறேன்."

அன்றே இரண்டு கத்திகளோடு பழைய கல்லூரிக்குப் போனார். நானும் போனேன், அன்று எனக்கு வார விடுமுறை. சாணைச் சக்கரத்தில் இரண்டையும் வைத்தார். ஒரே மாதிரிக் கிளை பிரிந்து பூப்பூவாகத் தீப்பொறி பறந்தது. "பார்த்தியா? கலவை ஒண்ணு. கார்பன் ஒண்ணு. அந்த மனுஷன் பொய் சொல்லலை." பிறகு கெட்டித்தன்மை அளக்கும் இயந்திரத்தில் வைத்தார். புதியது ஐம்பத்தைந்து காட்டியது. பழையது முப்பத்தெட்டு.

"இரும்பு அதேதான். பின்னாடி யாரோ சூடு காட்டியிருக்கா. பதம் பண்ணின கத்தியை மறுபடி நெருப்புல வச்சா, உள்ளே கட்டி வச்ச கெட்டியெல்லாம் இளகிப் போயிடும். ஆறினப்புறம் பார்த்தா அதே கத்திதான் இருக்கும், வெட்டாது." கைப்பிடி ஓரத்தில், தேய்ப்புக்குத் தப்பிய இடத்தில், மயில் கழுத்து நிறத்தில் ஒரு கீற்றைக் காட்டினார். "இதோ கைரேகை. முந்நூறு டிகிரியைத் தாண்டின இரும்பு நீலமாகும். யாரோ ஒரு முட்டாள்!"

அந்த முட்டாளைப் பிடிக்க மாமி புறப்பட்டார். கிட்டா மாமாவின் ஆட்கள் பதினோரு பேரையும் வரிசையில் நிறுத்தி விசாரித்தார். எல்லோரும் தேங்காய் எண்ணெய் மேல் சத்தியம் செய்தார்கள். அடுத்த முகூர்த்தத்தில், விடியற்காலை நான்கு மணிக்கே கல்யாண மண்டபத்துச் சமையல் கட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கத்தி அடுப்புப் பக்கம் போனால் எழுந்து நிற்பார். ஒருவர் கத்தியால் வெல்லத்தை உடைத்ததற்கே கூப்பிட்டுப் பேர் எழுதிக்கொண்டார். பெண் வீட்டார் சுகாதாரத் துறை என்று நினைத்து முதல் பந்தியில் இலை போட்டார்கள்.

யாரும் கத்தியை நெருப்பில் காட்டவில்லை.

"நெருப்பு எனக்கு எரிசேரிக்கே போறலை. இதுல கத்தியை வேற காய்ச்சுவாளாக்கும்!" என்றார் கிட்டா மாமா.

அன்று மதியம், அவசரத்துக்குச் சாணை பிடித்து ஓட்டிய அதே கத்திகள் வழக்கம்போல் கோணிப்பையில் வீட்டுக்கு வந்தன. கத்தி விஷயத்தில் மாமா யாரையும் நம்ப மாட்டார். முப்பதும் சக்கைப் பிசினில் முங்கி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. சக்கைப் பிசின் தண்ணீருக்குப் போகாது, சோப்புக்கும் போகாது.

மாமி பழைய பேப்பர் கேட்டாரே என்று ஒரு கட்டு எடுத்துக்கொண்டு நான் கீழே இறங்கினேன். மாமி காஸ் அடுப்பு முன்னால் நின்றிருந்தார். ஒரு கையில் போன், மறுமுனையில் பெங்களூர் மகள். மறு கையில் கத்தி. நீலச் சுடரின் மேல் அப்பளம் வாட்டுவதுபோல் அதைத் திருப்பித் திருப்பிப் பிடித்திருந்தார். பிசின் இளகிச் சொட்டியது. எங்கள் பத்திரிகையின் தலையங்கப் பக்கத்தால் ஒரு வழி வழித்து, கத்தியைக் கீழே வைத்து, அடுத்ததை எடுத்தார். ஏற்கனவே நாலு முடிந்திருந்தது. பேச்சு மகளிடம் போய்க்கொண்டே இருந்தது:

"...சத்தியமாச் சொல்றேன், எவனோ ஒரு மண்டூகம் நெருப்புல வாட்டியிருக்கான், அவன் மட்டும் என் கையில கிடைச்சான்..."

நான் சமையலறை வாசலில் நின்றேன். என் முகம் பேசியிருக்க வேண்டும். மாமி என்னைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார். கத்தியின் ஓரத்தில் வைக்கோல் நிறம் வந்து, பழுப்பாகி, ஊதாவாகி, மயில் கழுத்து நீலமாக மாறிக்கொண்டிருந்தது. இருபத்தெட்டு வருடம் கரும்பலகையில் கலர் சாக்கட்டியால் எழுதிப்போட்ட அதே வரிசை.

"அம்மா? அம்மா, லைன்ல இருக்கியா?"

"வச்சுக்கறேண்டி" என்றார் மாமி. அடுப்பை அணைத்தார். முக்காலியில் உட்கார்ந்தார். 

ஆறுகிற கத்தியைப் பார்த்தபடியே சொன்னார்: "எங்கம்மா இப்படித்தான் பண்ணுவா. அவ அம்மாவும். காலேஜ்ல இருந்தா அது ஸ்டீல். ஆத்துக்கு வந்தா வெறும் கத்தி. எனக்குத் தோணவே இல்லையேடி."

கிட்டா மாமா பின்னால் வந்து நின்றிருந்தார். ஐந்து கத்தியையும் பார்த்தார். புரிந்துகொண்டார்.

"ஏண்டி, நான் பண்ணினேன்னு சொல்லிடறேன். எனக்கென்ன, சமையக்காரன். இரும்பைப் பத்தி எனக்கு என்ன தெரியும்னு விட்டுடுவா. நீ சொன்னா அப்படி இல்லை. ஊர்ல நாலு பேர் சிரிப்பா."

"நாலு பேரா? நானூறு பேர் இருக்கா குரூப்ல" என்றார் மாமி. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து, பதிவுப் பொத்தானை அழுத்தினார்.

"பரிசோதனை அறிக்கை. பொருள்: சுடலைமுத்து பட்டறைக் கத்தி. இரும்பு: முதல் தரம். பதம்: முதல் தரம். பழுதுக்குக் காரணம்: சக்கைப் பிசின் போக, பதம் பண்ணின கத்தியை காஸ் அடுப்பில் வாட்டியது. வாட்டினவள்: நான். என் ஆத்துக்காரர் சொன்னது தப்பு, அதுக்கும் காரணம் நான். பிசினுக்குத் தேங்காய் எண்ணெய் போறும்."

பத்திரிகையில் தப்பு முதல் பக்கத்தில் வரும். திருத்தம் ஏழாம் பக்கத்து மூலையில், பூதக்கண்ணாடி தேவைப்படும் எழுத்தில் வரும். தப்பைவிடப் பெரிய திருத்தத்தை நான் பார்த்தது அன்றுதான்.

 பத்து நிமிடத்தில் குழுவில் மூன்றாம் வீட்டு மாமி எழுதினார்: 'அய்யோ, நானும் அப்படித்தான் பண்றேன்.' சாயங்காலத்துக்குள் பதினேழு மாமிகளும், தனியாக இருக்கும் ஒரு வங்கி மேனேஜரும் ஒப்புக்கொண்டார்கள்.

மறுநாள் முப்பது கத்திகளையும் எடுத்துக்கொண்டு மாமி பட்டறைக்குப் போனார், கூட நானும். ஆட்டோவில் வழியெல்லாம் என்ன சொல்வது என்று மூன்று விதமாக ஒத்திகை பார்த்தார். அங்கே போய் நின்றதும் மூன்றும் மறந்துவிட்டது.

"சுடலைமுத்து, தப்பு யார் பேர்லன்னு..."

"கேட்டேம்மா. கடைக்காரவுக போட்டுக் காமிச்சாவ." அவர் கத்திகளை எண்ணாமல் வாங்கி வைத்தார். "எங்க வீட்லயும் அவ இதேதான் செய்யா. நான் கொல்லையில நின்னு கத்துவேன். காதுலயே வாங்க மாட்டா. நீங்க சொன்னதை நேத்து மூணு மட்டம் போட்டுக் கேக்க வச்சேன். இப்பதான் எண்ணெய் வாங்கப் போயிருக்கா."

உள்ளே உலை எரிந்துகொண்டிருந்தது. ஊருக்குப் போன இரண்டு பேரில் ஒருவர் காலை பஸ்ஸிலேயே திரும்பிவிட்டாராம், சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். சுடலைமுத்து முப்பதையும் மறுபடி காய்ச்சிப் பதம் போட்டுத் தருவதாகச் சொன்னார். "ஒரு நாள் ஆகும். உக்காருதியளா, போயிட்டு வாரியளா?" மாமி உட்கார்ந்தார். சாயங்காலம் வரை வாயே திறக்காமல் உலையைப் பார்த்துக்கொண்டு இருந்தார் என்று எழுத எனக்கு ஆசைதான். இரண்டு இடத்தில் எண்ணெயின் சூடு போதாது என்று திருத்தினார்.

இப்போது நான் வேலை மாறி வேறு ஊரில் இருக்கிறேன். சக்கைக் காலத்தில் ஒரு முகூர்த்தத்துக்காவது லீவு போட்டுவிட்டுக் கரமனைக்குப் போய்விடுவேன். கிட்டா மாமாவின் கோணிப்பை வந்ததும், மாமி ஒரு கிண்ணம் தேங்காய் எண்ணெயை என் முன் வைத்துவிட்டு எதிரே உட்காருவார். நான் துடைக்கத் துடைக்க ஒவ்வொரு கத்திக்கும் என் கைவேலையில் ஒரு தப்பு சொல்வார். முப்பதே கத்திகள்தான். கடைசிப் பத்தை வேண்டுமென்றே மெதுவாகத் துடைப்பேன்.