கிராணி நட்ட கம்பம்

மூங்கிலின் அடியில் யாரோ மஞ்சள் பூசியிருந்தார்கள்.

காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்துப் பேர் எழுதக் கிளம்பிய சின்னக் கிராணி கனகராஜ் அதைப் பார்த்துவிட்டு நின்றார். முந்தின நாள்தான் தம் கையால் அதை நட்டிருந்தார். சாமிக்கு அல்ல, ரேடியோவுக்கு.

பாலோ ஊருக்குப் பக்கத்தில் இருந்த அந்த ரப்பர்த் தோட்டத்தில் ரேடியோ கட்டிய முதல் மனிதர் அவர்தான். சிங்கப்பூர்ப் பத்திரிகை ஒன்றைப் பார்த்துச் சுருட்டுப் பெட்டிக்குள் எல்லாவற்றையும் பொருத்தி, காதில் மாட்டிக்கொள்ளக் குழாயும் வாங்கிவிட்டார். கேட்பதற்குத்தான் ஒன்றும் வரவில்லை. உயரமான ஏரியல் வேண்டும் என்றது பத்திரிகை. கடை ஏரியலுக்கு எங்கே போவது? வெட்டிப் போட்ட ரப்பர் மரங்களில் பால் கோப்பையைத் தாங்கும் கம்பி சும்மா கிடந்தது. அதையெல்லாம் முறுக்கி ஒன்றாக இணைத்தார். கம்பி மூங்கிலில் படாமல் இருக்கப் பீங்கான் வேண்டுமாம். உடைந்த பால் கோப்பை எதற்கு இருக்கிறது? உச்சியில் கம்பி நழுவாமல் இருக்க, மூன்றாகப் பிரியும் முக்கவைக் கிளை ஒன்றை வைத்துக் கட்டினார். தோட்டத்தில் மரமில்லாத மேடு ஒன்றே ஒன்றுதான். அது மாரியம்மன் கோயிலுக்கு எதிரே இருந்தது. அங்கே நட்டார்.

குதிரையில் வந்த துரை நின்று பார்த்து, "வெரி குட், கனகராஜ்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார். அன்று கனகராஜுக்குச் சோறே இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

பூமிக்குள் போகும் கம்பி எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும் என்பதால், வீட்டுக்குத் தண்ணீர் சுமக்கும் அங்கம்மாவிடம் காலையும் மாலையும் மூங்கிலடியில் ஒரு குடம் ஊற்றச் சொல்லியிருந்தார். இப்போது அவள் அங்கேதான் நின்றாள், இடுப்பில் குடத்தோடு. குடத்தில் வேப்பிலை மிதந்தது.

"தண்ணிதானே ஊத்தச் சொன்னேன். மஞ்சளும் வேப்பிலையும் எதுக்கு?"

"வெறும் தண்ணியையா ஊத்துவாங்க கம்பத்துக்கு?" என்றாள் அங்கம்மா.

அப்போதுதான் கனகராஜ் உச்சியில் தாம் கட்டிய கிளையை அண்ணாந்து பார்த்தார். மாரியம்மன் திருவிழாவுக்கு முக்கவைக் கிளையைத்தான் கம்பமாக நடுவார்கள். பெண்கள் தினமும் மஞ்சள் நீர் ஊற்றுவார்கள். கம்பம் நட்டுவிட்டால் திருவிழா முடியும்வரை ஒருவரும் எல்லை தாண்டி வெளியே இராத் தங்கக் கூடாது.

இந்த வருஷம் திருவிழாவே கிடையாது. பெரிய துரைமார் தோட்டம் பார்க்க வருவதால் லீவு இல்லை என்று துரை சொல்லிவிட்டார். அதைப் பெரட்டில் நின்று அறிவித்ததே கனகராஜ்தான். ஒருவரும் முணுமுணுக்கக்கூட இல்லை. தம் பேச்சுச் சாமர்த்தியம் அப்படி என்று நினைத்துக்கொண்டார்.

அவர் பெரட்டு முடிந்து வீடு திரும்புவதற்குள் செய்தி அடுப்படிக்குப் போய்விட்டது.

"கம்பம் நட்டுட்டீங்களாமே" என்றாள் புஷ்பவள்ளி. அவள் சாந்தமாகப் பேசினால் ஆபத்து. "வெள்ளிக்கெழம பெக்கோக்ல என் தங்கச்சிக்குக் கல்யாணம். விடியற்காலை முகூர்த்தம். முதல் நாளே போயி அங்க தங்கணும். தாயில்லாத பொண்ணுங்க நாங்க. தாயார் எடத்துல நின்னு அவளத் தாரை வாக்க வேண்டியவ நான். இப்ப எல்லைய எப்படித் தாண்டுறது?"

"அது சாமிக் கம்பம் இல்ல புஷ்பம். ஏரியல்."

"அப்ப பிடுங்குங்க."

"பிடுங்கினா ரேடியோ கேக்காது."

"இப்ப மட்டும் கேக்குதாக்கும்."

தாலி கட்டிய நாளிலிருந்து தங்கையின் கல்யாணத்தைத் தவிர வேறு பேச்சே பேசாதவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு அரிசி களையப் போனாள். அதுதான் கனகராஜைத் தைத்தது.

கோயில் பூசாரியின் பேர் அய்யாவு. அவருக்குப் புரியவைத்தால் போதும், அவர் சொன்னால் தொழிலாளர் குடியிருக்கும் லயமே கேட்கும் என்று தோன்றியது. சாயங்காலம் பெட்டியைக் கோயில் கொட்டகைக்குத் தூக்கிப் போனார். கூட்டம் கூடிவிட்டது.

"பூசாரியாரே, இது கம்பம் இல்ல. ஆகாசத்துல வர்ற சத்தத்தப் பிடிக்கிற கம்பி. நீங்களே கேளுங்க." காதுக் குழாயை அய்யாவுவின் காதில் மாட்டித் திருகைத் திருகினார்.

குழாயில் கீச்சென்று ஓர் ஊளை. அய்யாவுவின் தோள் ஆடியது. தலை ஆடியது. காதுக் குழாய் ஒரு பக்கம், குடுமி ஒரு பக்கம் பறந்தது.

"ஆத்தா பேசுறா" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. குலவை கிளம்பிற்று.

"நட்டவன் எங்கடா?" என்றார் அய்யாவு, அவர் குரலே இல்லாத ஒரு குரலில். "நட்டவன் கைக்குத்தான் மொதக் காப்பு."

கனகராஜ் வாயைத் திறப்பதற்குள் அவர் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. காப்புக் கட்டியவர் ஒரு வேளைதான் உண்ண வேண்டும், கோயிலிலேதான் படுக்க வேண்டும். வீட்டுக்குப் பாய் எடுக்கப் போனபோது அது ஏற்கெனவே வாசலுக்கு வெளியே சுருட்டி வைத்திருந்தது. கதவு சாத்தியிருந்தது.

மறுநாள் பெண்கள் போட்டி போட்டுக்கொண்டு குடம் குடமாக ஊற்றினார்கள். மேடு சேறானது. பூமிக்கம்பிக்கு அப்படி ஒரு ஈரம் கிடைத்ததும் ரேடியோ வாயைத் திறந்தது. ஜாவாவிலிருந்து யாரோ டச்சு மொழியில் கண்ணாடிபோலத் தெளிவாகப் பேசினார். கனகராஜுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனாலும் அழுகை வந்தது. ஓடிப்போய்ச் சொல்லலாம் என்றால் பெண்டாட்டி பேசவில்லை.

கடைசியில் பங்களாவுக்கு நடந்தார். துரை உத்தரவு போட்டால் கம்பம் இறங்கித்தானே ஆக வேண்டும்? கேட்ட துரை முகம் சிவந்து, அய்யாவுவை அழைத்து வரச் சொன்னார்.

"என்னா மேன் இது? கம்பம் புடுங்கு" என்றார் தோட்டத் தமிழில்.

"புடுங்கிறலாம் தொர" என்றார் அய்யாவு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பணிவாக. "நட்ட கம்பத்த நடுவுல புடுங்கினா அம்மை போடும்னு சனங்க பயப்படும். நான் இங்கதான் கெடப்பேன். சனங்க பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிருமோ என்னமோ, அது எனக்குத் தெரியாது."

துரை ஜன்னல் வழியாகப் பால் மரங்களைப் பார்த்தார். பெரிய துரைமார் வரும்போது மரம் இருந்து பால் வெட்ட ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டிருப்பார். பிறகு கனகராஜைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வெரி குட் இல்லை.

"மூணு நாள் லீவு. வியாழக்கெழம எல்லாம் முடிக்கணும். அந்தப் பெட்டி பங்களாவுக்கு வரணும். அப்புறம் நீ கம்பம் கிம்பம் நட்டே, ஒன்னையும் சேத்து நடுவேன்."

திருவிழா நடந்தது. பத்து வருஷத்தில் அப்படி ஒரு திருவிழா நடந்ததில்லை என்றார்கள். வியாழன் மதியம் கம்பத்தைப் பிடுங்கி, மேளதாளத்தோடு ஆற்றில் விட்டார்கள். கனகராஜ் ராத்திரி பகலாக முறுக்கிய கம்பியும் பீங்கானும் அதோடு மிதந்து போயின. மணிக்கட்டுக் கயிறு அவிழ்ந்ததும் பெட்டியைப் பங்களாவில் கொடுத்துவிட்டு, பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு ரயிலுக்கு ஓடினார்.

பெக்கோக் வண்டி பாலோ ஸ்டேஷனில் நின்றது. புஷ்பவள்ளி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பல நாளைக்குப் பிறகு முதல் தடவையாக அவரைப் பார்த்துச் சிரித்தாள். டிரங்குப் பெட்டியைத் தலையில் சுமந்து வந்த அங்கம்மா அதை உள்ளே தள்ளினாள். கனகராஜுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு தோட்டத்துச் சனங்களின் பக்தியோடு விளையாடிவிட்டோமே என்று உறுத்திக்கொண்டே இருந்தது.

"அங்கம்மா, ஒண்ணு சொல்லணும். நீங்க எல்லாரும் என்னை மன்னிச்சுக்கணும். அது சத்தியமா சாமிக் கம்பம் இல்ல. ரேடியோவுக்குத்தான் நட்டேன்."

அங்கம்மா சும்மாட்டைப் பிரித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அது எங்களுக்குத் தெரியாதாய்யா? நாங்க நட்டா தொர அன்னிக்கே புடுங்கச் சொல்லியிருப்பாரு, நீங்க நட்டதுனாலதான் குதிரைய நிறுத்தி நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போனாரு. அடுத்த வருசமும் லீவு இல்லேன்னா, பூசாரி ஒங்களையே ஒரு ரேடியோ கட்டச் சொன்னாரு."