கவிழ்த்துப் பார்க்கப்போன தட்டு

தபால்தலை சேர்த்தால் அறிவாளி. நாணயம் சேர்த்தால் ஆராய்ச்சியாளன். பழைய பிளாஸ்டிக் டிரே சேர்த்தால் மட்டும் கிறுக்கன். சரி, கிறுக்கன்தான். அந்தக் கிறுக்கால் என் தம்பி கல்யாணமே நிற்கப் பார்த்தது என்பதையும் நான் மறைத்ததில்லை. (மறைக்க விட்டால்தானே.)

டிரேக்கும் சரித்திரம் உண்டு. எவர்சில்வர் தட்டில் காபி கொடுத்துக்கொண்டிருந்த வீடுகளுக்குச் சிங்கப்பூர், மலேசியா போய்வந்தவர்கள்தான் பூப்போட்ட டிரேயைக் கொண்டுவந்தார்கள். விருந்தாளி வந்தால்தான் அது ஷோகேஸைவிட்டு இறங்கும். பிறகு இங்கேயே அச்சு வார்த்தார்கள். கனம் குறைந்தது, பூ வெளுத்தது. எது எந்தக் காலத்தது என்று மேலே பார்த்தால் தெரியாது. கவிழ்த்து அடியில் பார்க்க வேண்டும்.

லால்பேட்டையில் ஒரு வீட்டில் ஐந்து டிரே வாங்கினேன். ஆரஞ்சு நிறம், நடுவில் திராட்சைக் கொத்து. அடியில் ஒன்று முதல் ஐந்து வரை எண். செட்டுக்கு ஆறு என்றார்கள். அந்த ஆறாவதைத் தேடிப் புவனகிரி முதல் கடலூர் வரை நான்கு வருடம் பழைய சாமான் கடைகளில் அலைந்தேன்.

2008இல் தம்பி செந்திலுக்குச் சிதம்பரத்தில் நிச்சயதார்த்தம். மூன்று இடம் தட்டிப்போய் நான்காவதாக அமைந்த பெண், கலா. அப்பா இல்லாததால் தட்டு மாற்ற வேண்டியவன் நான். வேனில் செந்தில் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, அங்க வந்து டிரே கிரேன்னு ஆரம்பிச்சிடாத. இந்தப் பொண்ண எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு."

"நான் என்ன லூசாடா?" என்றேன்.

பத்திரிகை வாசித்தார்கள். பெண்ணின் தாய்மாமா எழுந்து வெற்றிலை, பழம், குங்குமம், தேங்காய் வைத்த தட்டை என்னிடம் நீட்டினார். ஒரு தாம்பாளம் குறைந்ததால் சமையலறையிலிருந்து எடுத்துவந்த டிரே. ஆரஞ்சு நிறம். வெற்றிலைக்கு நடுவே திராட்சைக் கொத்து எட்டிப் பார்த்தது.

வாங்கியதும் விரல் தானாக அடியில் போனது. எண் தட்டுப்பட்டது. தலைக்கு மேலே தூக்கிச் சாய்த்துப் பார்த்தேன். தேங்காய் உருண்டு தாய்மாமாவின் காலில் விழுந்தது. குங்குமம் முழுக்க என் கண்ணில். எண் தெரியவில்லை. உலகமே தெரியவில்லை.

"நிச்சயத் தட்ட கவுக்கறாரே" என்று தாய்மாமா காலைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "பொண்ணு வேணாம்னா வாயத் தொறந்து சொல்றதுதானே?"

"அதில்ல மாமா. அடியில நம்பர் பாத்தேன்."

"என்னா நம்பரு? எங்க தட்டு மட்டமான்னு பாக்குறீங்களா?"

செந்தில் அழுதுவிடுவான் போலிருந்தது. ஐந்து டிரே கதையைச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. அப்போது உள்ளறையிலிருந்து தாய்மாமாவைக் கூப்பிட்டுக் கலாவின் குரல்.

"பெரிய மாமா, அந்த டிரேய தெனம் நான்தான் கழுவறேன். நம்பர் எனக்குத் தெரியும்."

கண் எரிச்சலை மறந்து கேட்டேன். "என்ன நம்பர்மா?"

"ஒழுங்கா தட்ட மாத்துங்க. கல்யாணம் முடியட்டும், சொல்றேன்."

முதலில் சிரித்தது தாய்மாமாதான். தேங்காயை அவரே பொறுக்கி வைத்தார்.

கல்யாணம் முடிந்து நான்கு வருடமாகிறது. சீரோடு டிரேயும் செந்தில் வீட்டுக்கு வந்தது. நம்பரைத்தான் கலா இன்னும் சொல்லவில்லை. போனால் அதில்தான் காபி தருகிறாள், விளிம்புவரை ததும்பத் ததும்ப. குடித்து முடிப்பதற்குள் டிரே உள்ளே போய்விடும். நானும் விடுவதாக இல்லை. என் ஷோகேஸில் ஆறாவது இடம் காலியாகவே இருக்கிறது.

எங்கள் வீட்டு விசேஷங்களில் இன்றும் என் கையில் தட்டைக் கொடுக்கும்முன் தேங்காயைத் தனியாக எடுத்துவிடுகிறார்கள். தாய்மாமா இருந்தால், காலையும் மடக்கிக்கொள்கிறார்.