பத்தாம் திருத்தத்தில் ஒரு கதவு

மனிதன் கண்டுபிடித்தவற்றுள் கொங்கிறீற்றை விட உறுதியானது ஒன்றே ஒன்றுதான்: அலுவலக நடைமுறை. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் தயாரித்த பெருமை இரத்மலானையிலுள்ள அந்த நிறுவனத்துக்கு உண்டு. சுவர்களை முற்றத்திலேயே வார்த்து, லொறியில் ஏற்றி, கட்டடம் எழும் இடத்துக்கு அனுப்புவது அதன் தொழில்.

அங்கே வரைபட ஒருங்கிணைப்பாளராக இருந்தவள் கொட்டாஞ்சேனை யூஜினா. உயர்ந்த பதவி. கட்டடக் கலைஞரின் படத்தை வரைஞர்களிடம் கொடுத்து, அவர்கள் வரைந்ததைச் சரிபார்த்து, கையெழுத்திட்டு வார்ப்பு முற்றத்துக்கு அனுப்ப வேண்டும். படம் சரியாக வந்தால் நிறுவனத்தின் சாதனை. பிழைத்தால் யூஜினாவின் பிழை.

ஒரு செவ்வாய்க்கிழமை, வெள்ளவத்தையில் எழும் பத்து மாடிக் குடியிருப்பின் ஒன்பதாம் திருத்தப் படம் அவள் மேசைக்கு வந்தது. அவசரகாலப் படிக்கட்டு மேலிருந்து ஒழுங்காக இறங்கி வந்து, கீழே ஒரு சுவரில் முட்டி நின்றது. எட்டாம் திருத்தத்தில் அந்த இடத்தில் வெளியே போக ஒரு கதவு இருந்தது.

தொழில்நுட்ப முகாமையாளர் கனகசபாபதியிடம் ஓடினாள்.

"சேர், கதவைக் காணேல்லை."

"காணாமல் போகேல்லை, பிள்ளை. எடுத்தது. அந்த இடத்தில ரெண்டு கார் நிப்பாட்டலாம் எண்டு கட்டடச் சொந்தக்காரர் கேட்டவர்."

"நெருப்புப் பிடிச்சா சனம் எங்கால வெளிய போறது?"

கனகசபாபதி ஆழ்ந்து யோசித்தார். யோசிப்பதற்கென்றே நிறுவனம் அவருக்குத் தனியறை கொடுத்திருந்தது.

"திரும்பி மேல ஏறலாம் தானே," என்றார்.

மறுநாள் கூட்டம். பதினொரு பேர், கொறிக்க இரண்டு தட்டு பற்றிஸ். 'நெருப்பு' என்பது எதிர்மறையான சொல் என்பதால் அறிக்கையில் அது 'வெப்பம் சார்ந்த நிகழ்வு' ஆனது. 'கதவு பற்றிய அக்கறை மிகுந்த மரியாதையுடன் கவனத்திற் கொள்ளப்பட்டது' என்று தீர்மானித்துக் கலைந்தார்கள்.

அன்று மாலை யூஜினா தன் தொடர்மாடியின் படிகளில் ஏறிக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து ஒரு தாய், ஒரு கையில் குழந்தையும் மறுகையில் மரக்கறிப் பையுமாக இறங்கி வந்தாள். யூஜினா ஒதுங்கி வழிவிட்டாள். அந்தத் தாய் கீழ்க் கதவால் தெருவுக்கு வெளியேறும் வரை பார்த்துவிட்டு மேலே ஏறினாள்.

காலையில் வரைஞர் பாஹிமிடம் போனாள்.

"பாஹிம், பத்தாம் திருத்தம் ஒண்டு போடுங்கோ. கதவைத் திரும்ப வையுங்கோ."

"யாரு சொன்ன மிஸ்?"

"நான்தான்."

"பொறகு என்னக் கேக்க மாட்டாங்களே?"

"கையெழுத்து என்ட."

பத்து நிமிடத்தில் கதவு வந்தது. நடைமுறை மீறாத யூஜினா, சம்பந்தப்பட்ட இருபத்து மூன்று பேருக்கும் மெயில் அனுப்பினாள்: 'அவசரப் படிக்கட்டுக்குக் கதவு சேர்க்கப்பட்டுள்ளது. ஆட்சேபனை இருந்தால் நண்பகலுக்குள் அறிவிக்கவும்.' ஐந்து பேர் 'நன்றி, கவனிக்கப்பட்டது' என்று பதில் போட்டார்கள். முதலாவது பதில் கனகசபாபதியுடையது. நண்பகல் தாண்டியதும் கையெழுத்திட்டாள். சுவர் கதவு வழியோடு வார்க்கப்பட்டது.

சொந்தக்காரர் தன் கார்களுக்குரிய இடத்தைப் பார்க்க வந்தபோது காலம் கடந்திருந்தது. தீயணைப்பு அதிகாரி அந்தக் கதவால் வெளியே வந்து, திருப்தியோடு ஒப்பமிட்டுப் போயிருந்தார். இனி அதை மூட முடியாது.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கனகசபாபதி கத்தினார்.

"மெயில் போட்டனான் சேர். நீங்கள் நன்றியும் சொன்னனீங்கள்."

"நன்றி சொல்லுறதுக்கு வாசிக்கோணும் எண்டு இருக்கே?"

பெருந்தன்மையான நிறுவனம் அது. கதவை வீணாக்கவில்லை. விளம்பரப் புத்தகத்தின் அட்டையில் அது வந்தது. முன்னால் கனகசபாபதி சிரித்துக்கொண்டு நின்றார். மேலே, 'உங்கள் உயிருக்கு எங்கள் கதவு.' அதே நாள் யூஜினாவுக்கு ஒரு கடிதமும் வந்தது: 'அனுமதியின்றிக் கதவொன்றை ஏற்படுத்தியமைக்கு விளக்கம் தருக.'

யூஜினா மெயிலிலேயே விளக்கம் தந்தாள், இருபத்து மூன்று பேருக்கும். 'கதவை வைத்தது நான். சுவரை வைக்க அனுமதி கொடுத்தவர் யார் என்பதைத் தயவுசெய்து அறியத் தரவும். பிரதி: தீயணைப்பு அதிகாரி.'

அந்த மெயிலை மட்டும் இருபத்து மூன்று பேரும் வாசித்தார்கள்.