ஐந்து நிமிடம் அவிழ்த்துவிடுகிறவர்

ஒரு வீட்டில் இரக்கசாலி யார் என்று கண்டுபிடிக்க வேண்டுமானால், அந்த வீட்டு நாய்க்கு ஆபரேஷன் ஆகி அது கழுத்தில் பிளாஸ்டிக் கூம்போடு வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை அவரும் மற்றவர்களைப் போலத்தான் இருப்பார். பேப்பர் படிப்பார், டீ கேட்பார், ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவார். கூம்பு வாசல்படி தாண்டிய நிமிடத்தில், அவருக்குள் நெடுநாளாகப் படுத்துக் கிடந்த கருணை எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கும். "ஐயோ, பாவம்!" என்பார். இந்த இனத்தை அந்த இரண்டு சொற்களில் அடையாளம் கண்டுகொள்ளலாம். காயத்தைத் துடைக்கிறவர்கள் அப்படிச் சொல்வதில்லை. அவர்களுக்கு ஒரு கையில் பஞ்சு, இன்னொரு கையில் நாயின் கால், வாயில் களிம்பு மூடி. சொல்ல ஏது இடம்?

எனக்குத் தெரிந்த ஒருவரைச் சொல்கிறேன். நல்ல மனிதர். இந்த இனத்தில் கெட்டவர்களே கிடையாது, அதுதான் சிக்கல். ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் தலைமை எழுத்தர். யார் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றாலும், "பாவம், முகமே சரியில்ல, கிளம்பும்மா" என்று மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். கிளம்பியவர் விட்டுப்போன பதிவேட்டை யார் எழுதுவது? பக்கத்து மேஜை அம்மாள். அலுவலகத்தில் இவருக்குத் தங்கமான மனிதர் என்று பெயர். அந்த அம்மாளுக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். வீட்டில், சர்க்கரை நோய்க்கார மாமனார் வந்தால் கதவோரம் கூப்பிட்டு ஒரு துண்டு கேக்கைக் கையில் வைப்பார். "ஒரு துண்டுல என்ன ஆயிடப் போகுது மாமா? நாக்குன்னு ஒண்ணு இருக்கில்ல?" மறுநாள் காலை மாமனாரின் விரலைக் குத்திப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வது அவருடைய மகள், அதாவது இவருடைய மனைவி. மாமனாருக்கு மருமகன் மாதிரி ஒரு பிள்ளை இந்த உலகத்திலேயே இல்லை. மகள்தான் கொஞ்சம் கடுகடுப்பு.

மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாள் முழுக்க ஊசி குத்துகிறவர். "குத்திக் குத்தி உனக்கு மனசு மரத்துப்போச்சு" என்பது கணவரின் கணிப்பு. அவர் கருணையோடு வளர்ந்துகொண்டே வந்தார். மனைவி பஞ்சோடு நின்றுகொண்டே இருந்தார்.

அந்த வீட்டு நாய்க்கு மேனேஜர் என்று பெயர். வேலை எதுவும் செய்யாது. ஆனால் வருகிறவர் போகிறவர் எல்லாரும் அதனிடம் முகம் காட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். பதினொரு வயது. பின்தொடையில் எலுமிச்சை அளவு ஒரு கட்டி வளர்ந்து, அறுத்து எடுத்து, ஏழு தையல் போட்டார்கள். கால்நடை டாக்டரம்மா குடும்பத்தையே வரிசையாக நிற்கவைத்துச் சொன்னார்: "இந்த வயசுல ஒரு மயக்க மருந்தைத் தாங்கிட்டதே பெரிசு. வாய வெச்சுத் தையலப் பிரிச்சுதுன்னா மறுபடி மயக்கம் குடுத்துத்தான் தைக்கணும். அப்ப கண்ணு முழிக்கும்னு நான் உறுதி சொல்ல மாட்டேன். பதினாலு நாள் இந்தக் கூம்பு கழுத்த விட்டு இறங்கக் கூடாது. சாப்பிடறப்பவும் சரி, தூங்கறப்பவும் சரி."

"புரிஞ்சுது டாக்டர்" என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னவர் நம்மவர்தான். புரிந்துகொள்வதில் இந்த இனத்தை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது.

எண்ணெய் ஊற்றுகிற புனல் மாதிரி இருந்ததால் வீட்டில் அந்தக் கூம்புக்குப் புனல் என்றே பெயராயிற்று. புனலோடு ஒரு நாய் வீட்டுக்குள் நடமாடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? கதவு நிலையில் டொக்கென்று மோதும், பின்வாங்கும், கதவைத் திட்டுவதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி அதே இடத்தில் மோதும், பின்னாலிருந்து வந்து நம் முழங்காலின் பின்பக்கத்தைச் சிராய்க்கும், தண்ணீர்க் கிண்ணத்தை அப்படியே புனலுக்குள் முகந்துகொண்டு கூடம் முழுக்க ஊற்றிக்கொண்டு போகும். மனைவி காலையில் கிண்ணத்தை ஒரு மணைமேல் உயர்த்தி வைத்துப் பிடித்துக்கொண்டு ஊட்டுவார், மாத்திரையைக் கோழித் துண்டுக்குள் ஒளிப்பார், காயத்தைத் துடைத்துக் களிம்பு போடுவார், புனலைக் கழுவித் துடைத்து மாட்டி, அதன் அடித்துளைகளில் கோத்த பேண்டேஜ் துணியை நாயின் இடது காதுக்குப் பின்னால் ஷூ லேஸ் கட்டுவதுபோல் இரண்டு வளையம் வைத்து முடிச்சிட்டுவிட்டு வேலைக்கு ஓடுவார். கல்லூரியிலிருந்து வரும் மகள் மூன்று மணியிலிருந்து ஐந்து வரை காவல். ஐந்து மணிக்கு அப்பா வந்ததும் அவள் கணினி வகுப்புக்குக் கிளம்புவாள். ஏழு மணிக்கு அம்மா வருவார். ஆக, பதினாலு நாளில் நம்மவர் பொறுப்பு தினம் இரண்டு மணி நேரம். வேலை ஒன்றே ஒன்று. ஒன்றும் செய்யாமல் இருப்பது.

அது அவரால் முடியாது.

முதல் காரணம் மேனேஜர். பகல் முழுக்கப் புனலைக் கரண்டி மாதிரி வைத்துச் செருப்புகளை வாரி விளையாடுகிற அந்த நாய், ஐந்து மணிக்கு வாசலில் ஸ்கூட்டர் நிற்கிற சத்தம் கேட்டதும், அறை மூலைக்குப் போய்ப் புனலைச் சுவரில் முட்டுக்கொடுத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். அப்புறம் மெல்லத் திரும்பி வந்து, அவர் எதிரில் உட்கார்ந்து, முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒரு பெருமூச்சு விடும். புனலுக்குள்ளிருந்து வருகிற பெருமூச்சு ஒன்றுக்கு இரண்டாகக் கேட்கும்.

"அப்பா, இவ்ளோ நேரம் குதிச்சிட்டிருந்தது. உங்க வண்டிச் சத்தம் கேட்டுத்தான் மூஞ்சிய மாத்திக்கிச்சு."

"சும்மா இரு. வாயில்லாத ஜீவன் நடிக்குமா?"

"வாய் இருக்கு. அதுக்குத்தானே புனல்."

மகள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவாள். கதவு சாத்திக்கொள்ளும். இனி இந்த இனத்தின் பூஜை தொடங்கும். முதலில் சுற்றுமுற்றும் பார்ப்பார். நல்ல காரியம் செய்யப்போகிறவர் எதற்காகச் சுற்றுமுற்றும் பார்க்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம், அவர் கேட்டுக்கொண்டதில்லை. பிறகு நாயின் முன்னால் குந்தி, "நமக்கு யாராவது இப்படி மாட்டினா சும்மா இருப்போமா கண்ணு?" என்பார். பிறகு, "அஞ்சு நிமிஷம்தான். அம்மாகிட்ட சொல்லக் கூடாது." முடிச்சு அவிழும். மேனேஜர் உடம்பை உதறிக்கொண்டு அவருடைய முகம், கழுத்து, காது, கண்ணாடி எல்லாவற்றையும் நக்கும். அந்த வீட்டில் வேறு யாரையும் அது அப்படி நக்கியது கிடையாது. இப்போது சொல்லுங்கள், அவிழ்த்தது யாருக்காக?

நான்காம் நாள் மனைவி புனலைக் கழுவப் போனவர் நின்றுவிட்டார். முடிச்சு வலது காதுக்குப் பின்னால் இருந்தது. மூன்று சுற்றுச் சுற்றி மூட்டை கட்டுகிற முடிச்சு.

"இத யாரு அவுத்தது?"

"அவுக்கல. லூசா இருந்துச்சு, இறுக்கிக் கட்டினேன்."

"இந்தப் பக்கத்துலேந்து அந்தப் பக்கத்துக்கு லூசாயிடுச்சா?"

"உனக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகம். நாய்க்குக் காத்து வேணாமா? கழுத்தெல்லாம் வேர்த்துக் கெடக்கு."

"டாக்டர் என்ன சொன்னாங்கன்னு ஞாபகம் இருக்கா? இன்னொரு தடவ மயக்கம் குடுத்தா முழிக்குமான்னு தெரியாதுன்னாங்க."

"அவங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க."

கவனியுங்கள். இந்த இனத்துக்கு டாக்டர், ஆசிரியர், மனைவி மூவரும் ஒரே கட்சி. பயமுறுத்துகிற கட்சி.

எட்டாம் நாள் ஐந்தரை மணிக்கு அவிழ்த்தார். அதே ஐந்து நிமிடம்தான். ஆனால் அந்த நேரம் பார்த்து அவருடைய அண்ணன் போன் செய்தார். நாய் எப்படி இருக்கிறது என்று அண்ணன் கேட்டார். இவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று ஆரம்பித்தார்: "அத ஏண்ணே கேக்கறீங்க, கண்கொண்டு பாக்க முடியல. ராத்திரி பகலா அந்தப் புனல மாட்டி வெச்சிருக்கா. சொறியணும்னாலும் சொறிய முடியாது. நான் ஒருத்தன் இல்லேன்னா..." பின்னால் சோபாவுக்கு அடியிலிருந்து சளப், சளப் என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பாவம், நிம்மதியாகத் தண்ணீர் குடிக்கிறது என்று நினைத்துக்கொண்டார். நாய் படுகிற கஷ்டத்தை இருபத்திரண்டு நிமிடம் உருகி உருகிச் சொல்லி முடித்துத் திரும்பியபோது, ஏழு தையலில் ஐந்து பிரிந்திருந்தது.

அப்போது என்ன செய்தார்? டாக்டருக்குப் போன் செய்தாரா? மனைவிக்காவது? இல்லை. தரையைத் துடைத்தார். துணியை அலசிக் காயப்போட்டார். புனலை மாட்டி, மூன்று சுற்று முடிச்சுப் போட்டு, டிவியைப் போட்டு உட்கார்ந்தார். அந்த வீட்டில் அவர் தரை துடைத்தது அதுதான் முதல் தடவை.

ஏழு மணிக்கு வந்த மனைவி தரை பளிச்சென்று இருந்ததைப் பார்த்தவுடனே கைப்பையைக் கீழே போட்டார். சோபாவுக்கு அடியில் குனிந்து பார்த்தார். நாயைப் பழைய போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். நம்மவர் பின்னாலேயே வந்து கதவைத் திறந்துவிட்டார். அந்த உதவிக்கு மட்டும் குறைவில்லை.

டாக்டரம்மா விளக்கைத் திருப்பிக் காயத்தைப் பார்த்தார். "புனல யாரு கழட்டினது?"

மனைவி சுவரைப் பார்த்தார். நம்மவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அதுவே கழட்டிடுச்சு டாக்டர். காலால பிறாண்டிப் பிறாண்டி... நாங்க கவனிக்கறதுக்குள்ள..."

டாக்டரம்மா முடிச்சை விரலால் நெருடினார். நகத்துக்கு அசையவில்லை. கத்தரிக்கோல் கேட்டு வாங்கி நறுக்கினார்.

"கழட்டினது சரி சார். வேலை முடிஞ்சதும் எடுத்து மாட்டிக்கிட்டு, முடிச்சும் அதுவே போட்டுக்கிச்சா?"

மேஜையில் படுத்திருந்த மேனேஜர் வாலை ஒரு முறை ஆட்டியது. நன்றியுள்ள பிராணி, அந்தக் குற்றத்தையும் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தது.

உள்ளே கொண்டுபோனார்கள். ஒன்றே கால் மணி நேரம். மனைவி மூடிய கதவை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றார். நம்மவர் பெஞ்சில் உட்கார்ந்து, பூனைக் கூடையோடு வந்திருந்த ஒருவரிடம் மேனேஜரின் குட்டிப் பருவத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆளுக்கே கண் கலங்கியது. பிறகு எழுந்து மனைவி பக்கத்தில் வந்தார்.

"வேணும்னேவா செஞ்சேன்? பாவம்னுதானே..."

"நீங்க பாவம் பாக்கறீங்க. தையல் அதுக்கு விழுது."

அவர் திரும்பிப் போய் உட்கார்ந்தார். பூனைக்காரரிடம் கொஞ்சம் தாழ்ந்த குரலில், "கோவத்துல இருக்கா, பாவம்" என்றார்.

நாய் விழித்துக்கொண்டது. நான்கு காலும் நான்கு திசைக்குப் போக, முன்னதைவிட ஒரு சைஸ் பெரிய புனலோடு, தள்ளாடிக்கொண்டு கதவைத் தாண்டி வெளியே வந்தது. மனைவி மண்டியிட்டு இரண்டு கைகளையும் நீட்டினார். மேனேஜர் அந்தக் கைகளை ஒரு முறை முகர்ந்தது. அந்தக் கையில் களிம்பு வாசனை, மாத்திரை வாசனை. விலகி, அவரைத் தாண்டி, நேராகப் பெஞ்சுக்குப் போய், நம்மவர் காலடியில் உட்கார்ந்து, முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, பெருமூச்சு விட்டது.

"பாத்தியா?" என்றார் நம்மவர், நிஜமாகவே கண் நிறைந்து. "யாரத் தேடி வருது பாரு." அவருடைய கை, அவருக்கே தெரியாமல், நாயின் வலது காதுக்குப் பின்னால் போயிற்று.

"கைய எடுங்க" என்றார் மனைவி.

மறுபடி முதலிலிருந்து பதினாலு நாள். மகள் கணினி வகுப்பைக் காலைக்கு மாற்றிக்கொண்டு ஏழு மணிவரை காவல் இருக்கிறாள். நம்மவருக்கு நாயோடு தனியாக இருக்க அனுமதியில்லை. இதை அவர் அலுவலகத்தில் சொன்னபோது எல்லாரும் "நீங்க பாவம் சார்" என்றார்கள். சிடுமூஞ்சி அம்மாள் மட்டும் பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

இவ்வளவு தூரம் படித்துக்கொண்டு வந்தீர்களே, எங்கேயாவது ஓர் இடத்தில், அந்த மனைவியும் கொஞ்சம் கறார்தான், மனுஷன் நல்ல மனசோடுதானே செய்தார் என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால் தப்பில்லை. எங்கள் வீட்டில் நாயே கிடையாது என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிடவும் வேண்டாம். ஒன்று மட்டும் சொல்லுங்கள். சாயங்காலம் நீங்கள் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டதும், உங்கள் வீட்டில் யார் வந்து எதிரே உட்கார்ந்து முகத்தை ஒரு பக்கமாகச் சாய்க்கிறார்கள்?