அரியமுத்து கொல்லையில் மூன்று நத்தைகள்

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குத் தமிழழகன் செத்துப்போனான். பாழடைந்த கிடங்கு ஒன்றின் மாடியிலிருந்து யாரோ சுட்டார்கள். காதுக்குள் ஜெயங்கொண்டத்துக் கூட்டாளி, "எந்திரிடா அழகா, தோ வந்துட்டேன், உசுரு குடுக்குறேன்" என்று பதறினான். அழகன் எந்திரிக்கவில்லை. ஆறு வருஷமாக ஒரு நாளைக்கு முப்பது தடவை செத்து முப்பது தடவை எழுந்தவன், அன்றைக்குச் செல்போனைக் கட்டில்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு மின்விசிறியை வெறித்தான். செத்ததில் வருத்தமில்லை. வருத்தம் வரவில்லையே என்பதுதான் வருத்தமாக இருந்தது.

பெரம்பலூரில் இன்ஜினியரிங் முடித்து, சென்னையில் ஒன்றரை வருஷம் வேலை பார்த்து, கம்பெனி அவனை விட்டதோ அவன் கம்பெனியை விட்டானோ, ஊருக்கு வந்து சேர்ந்தவன். இப்போது சர்க்கார் பரீட்சைக்குப் படிக்கிறான். அதாவது, புத்தகம் அலமாரியில் இருந்தது, அவன் கட்டிலில் இருந்தான், இரண்டுக்கும் நடுவே அந்த விளையாட்டு இருந்தது.

செல்போன் விளையாட்டு என்றால் ஆலங்கொல்லையில் அவன் சொன்னதுதான் தீர்ப்பு. மூன்று மாசத்துக்கு முன்னால் நாமக்கல் பக்கத்து ஆள் ஒருவன், கிருஷ்ணமூர்த்தி என்று பெயர், கொளஞ்சியின் டீக்கடை மாடியறையில் வாடகைக்கு வந்து தங்கினான். செல்போனை மூஞ்சிக்கு நேரே பிடித்துக்கொண்டு உச்சி வெயிலில் அலைந்தான். நின்றான், தட்டினான், மறுபடி நடந்தான். புத்தி பேதலித்தவனுக்கு ரூமைக் கொடுத்துவிட்டோமோ என்று கொளஞ்சி பயந்து அழகனைத்தான் கேட்டார். அழகன் தூரத்திலிருந்து ஒரு நிமிஷம் கவனித்துவிட்டு, அது நடந்துகொண்டே ஆடுகிற கேம் என்றும், அங்கங்கே பொம்மை ஒளிந்திருக்கும், போய்ப் பிடிக்க வேண்டும் என்றும் விளக்கினான். முப்பது வயசில் பொம்மை பிடிக்கிறானே என்று ஊர் உச்சுக்கொட்டியது. அதோடு அவன் 'கிட்டு' ஆகிவிட்டான். போகிற இடமெல்லாம் மோர் கொடுத்தார்கள்.

அந்தப் பெருமையெல்லாம் செவ்வாய்க்கிழமையோடு முடிந்தது.

மகன் செல்போனைத் தொடவில்லை என்றதும் மலர்கொடி, செட்டிகுளத்து முருகன் கண்ணைத் திறந்துவிட்டான் என்று சூடம் கொளுத்தினாள். மூன்றாம் நாள் அதே முருகனை நொந்துகொண்டாள். அழகன் பிரிட்ஜைத் திறந்து, உள்ளே இருந்த தயிரை வெகுநேரம் பார்த்து, மூடினான். கால்மணி கழித்து மறுபடி திறந்தான். அடுப்படியில் பின்னாலேயே நின்று, கடுகை ஏன் முதலில் போடுகிறாய், பருப்பை ஏன் பிறகு போடுகிறாய் என்று கேட்டான்.

"எங்கனா நடந்துட்டு வாயேன்டா" என்றாள் அவள். "வூட்டுக்குள்ள கொசு மாரி சுத்திக்கிட்டு."

நடந்தான். அப்படித்தான் ஆரம்பித்தது.

ஐப்பசி மழை அரித்துவிட்டுப் போன ஓடையில் ஒரு கல் கிடைத்தது. உள்ளங்கை அளவு. அதில் ஒரு நத்தை சுருண்டிருந்தது. நத்தை அல்ல, நத்தை இருந்த இடம். இந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் கடல் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் வந்தது. அழகன் நிமிர்ந்து பார்த்தான். பனைமரங்களுக்கும் மேலே, கரண்டுக் கம்பிக்கும் மேலே, தண்ணீர் நின்றிருக்கிறது. அதன் அடியில் இந்த நத்தை செத்து, எந்திரிக்காமல், இத்தனை கோடி வருஷம் கிடந்திருக்கிறது. உசுரு குடுக்கிறேன் என்று யாரும் ஓடி வரவில்லை. அழகனுக்கு அதனோடு ஒரு சொந்தம் ஏற்பட்டது.

மறுநாள் பரீட்சைக்கென்று வாங்கிய நோட்டையும், அப்பா சாமிதுரையின் பெட்டியிலிருந்து அளவு டேப்பையும் எடுத்துக்கொண்டு கிளம்பினான். நத்தைக் கல் ஒவ்வொன்றும் யாருடைய பருத்திக் கொல்லையில், எந்த மூலையில், வரப்பிலிருந்து எத்தனை அடியில் கிடைத்தது என்று எழுதிவிட்டு வீட்டுக்கு எடுத்து வந்தான். ஒரு வாரம் சலிப்பே தெரியவில்லை.

எட்டாம் நாள் அரியமுத்து வந்து நின்றார். பிறந்ததிலிருந்து அவனை "டேய் அழகா" என்று மட்டுமே கூப்பிட்டவர்.

"என்னாங்க தம்பி எழுதுறீங்க?" என்றார்.

ஆலங்கொல்லையில் ஒருவனை 'டா' போடுகிறவரை அவனுக்கு ஆபத்தில்லை. 'ங்க' என்பது தாசில்தாருக்கும் டாக்டருக்கும், நெருங்க விடக்கூடாத மற்றவர்களுக்கும் உரியது. அழகனுக்கு அது உறைக்கவில்லை. சந்தோஷமாக, "உங்க கொல்லையில மூணு இருக்கு மாமா" என்றான்.

அரியமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆலங்கொல்லை மேலே பருத்தியையும் கீழே சுண்ணாம்புக்கல்லையும் வைத்துக்கொண்டு இருக்கிற ஊர். மேலே இருப்பதால் பிழைத்தது, கீழே இருப்பதால் பயந்தது. பக்கத்து ஊரை சிமெண்டுக்காகத் தோண்டி, இப்போது அங்கே பள்ளமும் பச்சைத் தண்ணீரும்தான் மிச்சம். கொல்லையைக் கொடுத்தவர்கள் டவுனில் ஏ.டி.எம். வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பள்ளம் எப்படி வந்தது என்று அங்கே யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: முதலில் ஒருவன் டேப்பும் நோட்டுமாக வந்தான்.

சாயங்காலம் அழகன் டீக்கடைக்குப் போனபோது பேச்சு நின்றது. கொளஞ்சி, கேட்காமலே பிஸ்கட்டோடு டீ வைத்து, "சாப்புடுங்க" என்றார். பெஞ்சின் ஓரத்தில் கிட்டு மட்டும் வழக்கம்போலச் செல்போனுக்குள் குனிந்திருந்தான்.

அப்போதுதான் அழகனுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. விளக்கினால் தீர்ந்துவிடும் என்று நினைத்தான். கல்லை எடுத்துக் காட்டி, கடல், கோடி வருஷம், நத்தை என்று எல்லாம் சொன்னான்.

"நத்தைக்கு எதுக்கு டேப்பு?" என்றார் அரியமுத்து.

அழகன் ஒளிவுமறைவில்லை என்று காட்ட நோட்டையே நீட்டினான். அதுதான் அவன் செய்த இரண்டாவது தப்பு. கடையில் இருந்த பன்னிரண்டு பேரும் அவரவர் கொல்லையைத் தேடிப் பார்த்தார்கள். 'அரியமுத்து – வடமேற்கு மூலை – 3, சுமார்.' 'செல்லதுரை – ஓடை ஓரம் – 7, மிக நன்று.'

செல்லதுரை அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். அவர் மகன் திருப்பூரில் இருக்கிறான். கொல்லையை எவன் தலையிலாவது கட்டிவிட்டு அங்கே போய்விட வேண்டும் என்று பத்து வருஷமாக இருக்கிறவர். "நம்மளுது மிக நன்றாமில்ல" என்று மெதுவாகச் சொன்னார். அரியமுத்துவுக்குக் கொல்லை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம், தன் மண் மட்டும் எப்படிச் சுமாராகப் போயிற்று என்ற மானக்கேடு ஒரு பக்கம். என் பொணத்து மேலதான் தோண்டணும் என்றார் அவர். குடுத்துட்டுப் போறவன ஏன் மறிக்கிறீங்க என்றார் செல்லதுரை. யார் கொடுப்பார்கள், யார் கொடுக்க மாட்டார்கள், எவன் கொல்லை அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிக்காமல் கிடக்கிறது என்று கடை இரண்டுபட்டது. அன்றைக்கு மட்டுமல்ல, அந்த வாரம் முழுக்க அதே பேச்சுத்தான். கிட்டு பாவம், அந்த இரைச்சலிலும் தலை நிமிராமல் பொம்மை பிடித்துக்கொண்டிருந்தான்.

"இந்தாருங்கப்பா, இவனும்தான் நாள் பூரா சுத்துறான்" என்றார் கொளஞ்சி. "யாருக்காச்சும் ஒரு தொந்தரவு உண்டா?"

சாமிதுரையின் வீட்டுக்கு வருவதை ஊர் நிறுத்தியது. செல்லதுரை மட்டும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, தன் பெயரை முதலில் எழுதச் சொல்லிவிட்டுப் போனார். அதை ஊரே பார்த்தது. மேட்டுக்கொல்லையில் சாமிதுரையின் பருத்தி வெடித்து வெள்ளையாக நின்றது. பருத்தி எடுக்க ஆட்களைக் கூட்டி வருகிற புஷ்பவல்லி, "இந்த வாரம் தோதுப்படாதுங்க" என்று மலர்கொடியைப் பார்க்காமல் சொன்னாள். ரெண்டு பேரும் ஒரே ஸ்கூலில் படித்தவர்கள். மலர்கொடி அன்று அடுப்பு மூட்டவில்லை. தை மாசத்தில் வராத மேகம் கிழக்கே திரண்டிருந்தது. ஒரு மழை அடித்தால் பருத்தி கறுத்து, வருஷத்துப் பாடு மண்ணாகிவிடும்.

அழகன் ஒரு நாள் முழுக்க யோசித்தான். எடுத்ததால்தானே இத்தனையும்? எடுத்ததைத் திருப்பி வைத்துவிட்டால் சரியாகிவிடும். நேர்மையாக வைக்க வேண்டும், நோட்டில் எழுதியிருக்கிறபடி, அதே மூலையில், அதே அடியில். மறுநாள் காலையில் சாக்கில் கற்களைப் போட்டுத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். டேப்பால் அளந்து, சின்னக் குழி பறித்து, ஒவ்வொரு நத்தையாகப் புதைத்தான். ஒவ்வொன்றிடமும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.

பத்து மணிக்குள் ஊர் முழுக்கச் செய்தி பரவியது. சாமிதுரை மவன் கல்லு நடுறான்.

அளவுக் கல் நடுவது என்றால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தம். ஊர் திரண்டு சாமிதுரை வாசலுக்கு வந்தது. அரியமுத்து தன் கொல்லையின் வடமேற்கு மூலையில் தோண்டியெடுத்த மூன்று கற்களையும் வாசலில் போட்டார். யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று அழகனுக்குத் தோன்றியது. சாமிதுரை கல்லைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

"சலிப்பா இருந்துச்சு மாமா" என்றான் அழகன். "வேற ஒண்ணுமே இல்ல."

"சலிப்பா இருந்தா ஊர விப்பீங்களா?" என்றார் அரியமுத்து. அந்த 'ங்க' இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

மலர்கொடி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். கையில் அவனுடைய செல்போன். அவளே சார்ஜ் போட்டிருந்தாள்.

"என் புள்ள இனிமே எவன் கொல்லையிலயும் கால வெக்க மாட்டான்" என்றாள். "நாளையிலேருந்து கொளஞ்சி கடையில, எல்லாரு கண்ணு முன்னாடியும் ஒக்காந்து, பழையபடி கேமு ஆடுவான். கிட்டு தம்பி ஆடுதில்ல, அது மாரி. நான் பொறுப்பு."

ஊர் யோசித்தது. நியாயமாகத்தான் பட்டது. செல்லதுரை மட்டும் முகம் வாடிப்போனார்.

"ஆடுடா கண்ணு" என்று அவள் செல்போனை அவன் கையில் திணித்தாள். வருஷக்கணக்காக அதைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தவள்.

ஆடினான். காலை எட்டு மணிக்குக் கிட்டுவின் பக்கத்தில் உட்கார்ந்தால் பொழுது சாய எழுந்திருப்பான். கிடங்கு மாடியில் அதே ஆள், அதே துப்பாக்கி. சுடப்பட்டான், எழுந்தான், சுடப்பட்டான். ஓடையைப் பார்க்காமலிருக்கத் திரும்பி உட்கார்ந்தான். மூன்றாம் நாள் புஷ்பவல்லி ஆட்களோடு மேட்டுக்கொல்லையில் இறங்கினாள். மேகம் கலைந்தது. நாலாம் நாள் சாமிதுரை மகனிடம் சோறு சாப்பிட்டாயா என்று கேட்டார். அஞ்சாம் நாள் அரியமுத்து கடைக்கு வந்து, அவன் செல்போனை எட்டிப் பார்த்து, "டேய் அழகா, இன்னைக்கு எத்தன பேர சுட்ட?" என்றார். அழகனுக்கு அழுகை வந்தது. ஆட்டத்தில் தோற்றதாக நினைத்துக்கொண்டு அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அன்று மத்தியானம் கிட்டு மாடியறையிலிருந்து பையோடு இறங்கி வந்தான். மினி பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. கொளஞ்சி அவனுக்குக் கடைசி டீ என்று இஞ்சி தட்டிப் போட்டார். அரியமுத்து, அடுத்த வருஷமும் வாப்பா, மோர் கலக்கித் தரேன் என்றார். ஊரில் தன்னைப் போல் இன்னொருவன் இருக்கிறான் என்ற ஆறுதலும் போகிறதே என்று அழகனுக்கு இருந்தது. இந்த மூன்று மாசத்தில் அந்த ஆளுக்கு ஒரு நாளும் சலிக்கவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

"எல்லாப் பொம்மையும் புடிச்சிட்டீங்களாண்ணே?" என்று கேட்டான். "கேமு முடிஞ்சிருச்சா?"

கிருஷ்ணமூர்த்தி டீ கிளாசை வைத்துவிட்டு, செல்போனைச் சட்டைப் பையில் போட்டு, முதல் தடவையாக அவனை நிமிர்ந்து பார்த்தான்.

"கேமுன்னு நீங்கதானங்க தம்பி ஊருக்குள்ள சொன்னீங்க, நான் போன்லயே அளந்து முடிச்சுட்டேங்க, நாளைக்குக் கல்லு நட ஆளுங்க வருவாங்க."