நோட்டீஸ்காரர் போட்ட தப்புக் கேஸ்

ஆரணியில் நோட்டீஸ்காரரிடம் வக்கீல் நோட்டீஸ் வாங்காத ஆளே கிடையாது. நானே இரண்டு வாங்கியிருக்கிறேன். இத்தனைக்கும் எழுபதுகளின் கடைசியில் அவருடைய வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்து அவருக்கு டைப் அடித்துக் கொடுத்தவன் நான்தான். குடையைத் திருப்பித் தரவில்லை என்று எனக்கு வந்ததையும் நானேதான் அடித்தேன்.

மனுஷனுக்கு எல்லாமே ரிஜிஸ்தர் தபால்தான். பக்கத்து வீட்டு முருங்கைக் கிளை நீட்டினால் நோட்டீஸ். கல்யாணத்துக்குக் கூப்பிடாத மச்சானுக்கு நோட்டீஸ். அப்பேர்ப்பட்டவருக்கே ஏழு மாத வாடகை பாக்கி வைத்தார், அவர் வீட்டில் குடியிருந்த பட்டு நெசவாளி ஏழுமலை. மனைவிக்கு டி.பி. கூலி முழுக்க மருந்துக்கே போனது.

நோட்டீஸ்காரரின் மகனுக்கு அந்த வீட்டை விற்றாக வேண்டும். "ஜல்தியா காலி பண்ண வைப்பா" என்று தினமும் நச்சரித்தான். ஏழுமலையுடையதோ தரையில் குழி தோண்டிப் போட்ட தறி. வீடு போனால் தறியும் கூலியும் போகும், அந்த அம்மா தெருவில்தான் கிடக்க வேண்டும்.

விஷயத்தைக் கேட்டதும் எங்கள் வக்கீலுக்கு ஒரே உற்சாகம். "வேணும்னே வாடகை தரலைன்னு மனு போட்டா காலி பண்ண வச்சிடலாங்க."

"வீடு வாணாம் சார். பாக்கிப் பணத்துக்கு மட்டும் கேஸ் போடுங்க" என்றார் நோட்டீஸ்காரர்.

வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். ஒன்றரை வருஷம் வாய்தாவிலேயே ஓடியது. மகன் வாயைத் திறந்தால், "அதான் கேஸ் நடந்துகினு கீதில்ல, சும்மா இரு!" என்பார்.

கடைசியில் பாக்கியைக் கட்டச் சொல்லித் தீர்ப்பாகி, கோர்ட் அமீனா ஜப்திக்கு வந்தார். நானும் போயிருந்தேன். வீட்டில் ஒரு தறி, நாலு பாத்திரம், ஒரு பாய். பாயில் எலும்பும் தோலுமாக அந்த அம்மா. தறியிலிருந்த பாதிப் புடவைகூட நூல் கொடுத்த முதலாளியுடையது.

"தொழில் சாமான், சமைக்கிற பாத்திரம், படுக்கை, எதையும் தொடக்கூடாதுங்க. சட்டம்" என்றார் அமீனா.

"இன்னாய்யா பொல்லாத சட்டம்!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார் நோட்டீஸ்காரர். மகன் முறைத்துவிட்டுப் போனான்.

திரும்பும் வழியில் கேட்டேன். "இத்தினி கேஸ் பாத்தவரு. தறிய ஜப்தி பண்ண முடியாதுன்னு உங்களுக்குத் தெரியாதாங்க?"

"எனக்குத் தெரியும்பா. என் பையனுக்குத் தெரியாது."

அடுத்த மாதம் அந்த அம்மா இறந்துபோனார். அந்த வீட்டிலேயே, அந்தத் தறிக்குப் பக்கத்திலேயே. மறுநாள் நோட்டீஸ்காரர் ஆபீசுக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தார். யாருக்கு நோட்டீசோ என்று மிஷினில் காகிதத்தைச் செருகிக் காத்திருந்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்காமலே எழுந்து போனார்.

எனக்கு வந்த இரண்டு நோட்டீசையும் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.